கூட யாரு வந்திருக்கா?

விருதுநகரில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு, ஒரு முழங்காலைப் படம் எடுக்க ஒரு வேன் ஆட்கள் வருவார்கள். முழங்கால் ஒருவருடையது. மற்றவர்கள் அவரைக் கைத்தாங்கலாக இறக்கவும், ரிசப்ஷனில் சத்தம் போடவும், நாற்காலியில் உட்கார்ந்து காராச்சேவுப் பொட்டலம் பிரிக்கவும் வந்தவர்கள். உள்ளே போனவர் வெளியே வந்ததும் பயமாக இருந்ததா என்று ஆளுக்கு ஒரு தடவை கேட்பார்கள். அவரும் சலிக்காமல் ஆளுக்கு ஒரு தடவை பதில் சொல்வார். இவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். பொறாமை என்று நீங்கள் சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

என் பெயர் ஆர்த்தி. எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, அதற்கு யார் மேலும் குறையில்லை. அண்ணன் சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கிறான். வருஷம் பிறப்பதற்கு முன்னால் ஒரு தினசரி காலண்டரை பஸ்ஸில் கொடுத்துவிடுவான். வந்து சேர்ந்துவிட்டது என்று நான் போன் செய்வேன். அதோடு அந்த வருஷத்துப் பேச்சு முடிந்தது. பகல் முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் காந்தக் குகைக்குள் படுத்திருப்பவர்களிடம் மைக்கில் பேசுகிறேன். அசையாதீங்க, கண்ணை மூடிக்கோங்க, இன்னும் கொஞ்சம்தான். அவர்கள் பதில் சொல்வதில்லை. அசையக் கூடாது என்று நான்தானே சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சும் கிடையாது.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. கெட்ட சேதியை நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்பார்கள். கூட வந்தவரைத் தனியே அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சொல்வார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒன்றுமில்லை, உடம்பில் சத்து இல்லையாம் என்று நோயாளியிடம் சொல்வார். நோயாளியும் நம்பியது போல இருந்துகொள்வார். இது சரியா தப்பா என்று நான் யோசித்ததில்லை. தனியாக வருகிறவருக்கு என்ன செய்வது என்று மட்டும் யாரும் முடிவு செய்து வைக்கவில்லை.

பொன்னுத்தங்கம் தனியாகத்தான் வந்தார்.

தீபாவளி சீசன் மும்முரமாக இருந்த ஆவணி மாதம். ஆமத்தூர்க்காரப் பெண், ஐம்பதை ஒட்டிய வயது. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் கம்பி மத்தாப்பு வேலை. கம்பிகளைச் சட்டத்தில் அடுக்கி, மருந்துக் குழம்பில் முக்கி எடுத்து, வெயிலில் காய வைப்பார்கள். அப்படிக் காய வைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் இடது கை தானாக வெட்டி வெட்டி இழுக்க, ஆள் கீழே விழுந்துவிட்டார். வலிப்பு வந்தவரை மருந்துப் பக்கம் விட முடியாது என்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். அதைத் தப்புச் சொல்ல முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் எடுத்த சி.டி. ஸ்கேனில், வலது காதுக்கு மேலே, மண்டையோட்டை ஒட்டி ஒரு வளையம் தெரிந்தது. அது என்ன என்று பார்த்துச் சொல்ல எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அங்கே இருந்த இளம் டாக்டர், கூட யாரும் இல்லாததால் அவரிடமே இரண்டு சாத்தியத்தையும் சொல்லி அனுப்பியிருந்தார். காசநோய்க் கட்டியாக இருந்தால் மாத்திரையிலேயே கரைந்துவிடும், வேலைக்கும் போகலாம். வேறு மாதிரி இருந்தால் மதுரையில் மண்டையைத் திறக்க வேண்டும்.

ரிசப்ஷனில் இருக்கும் பிரீத்திகா, கூட வந்தவர் பெயரும் போன் நம்பரும் இல்லாமல் டோக்கன் போட மாட்டாள். அது முதலாளி போட்ட சட்டம். பொன்னுத்தங்கம் முனியராஜ் என்று ஒரு பெயரைக் கொடுத்திருந்தார். அவர் எங்கே என்று நான் கேட்டேன். அவர் கம்பெனி வேன் டிரைவராம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டிக்கு எப்.சி. எடுக்க வந்தவர், போகிற வழியில் இவரை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் இருந்து யாரும் வரவில்லையா என்றேன்.

"வீட்டுல யாரு மேடம் இருக்கா? வீடுதான் இருக்கு."

அதை வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது, பிள்ளை இல்லை, கூடப் பிறந்த ஒரே தங்கச்சி ஆனைக்குட்டத்தில் இருந்தாள், அவளும் கொரோனாவில் போய்விட்டாள். இதையெல்லாம் நான் கேட்டு அவர் சொன்னதுதான். கேட்காமல் அவர் எதுவும் சொல்லவில்லை.

அவருக்கு எழுதியிருந்த பரிசோதனையின் பெயர் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி. சாதாரண ஸ்கேனில் கட்டி இருக்கும் இடம் தெரியும், அது எந்தக் கட்டி என்பது பல நேரம் தெரியாது. இதில் கட்டியின் மேல் கம்ப்யூட்டரில் சின்னதாக ஒரு பெட்டி வரைவோம். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ரசாயனங்களின் குரலை மட்டும் காந்தம் கேட்டு, திரையில் ஒரு கோடாகப் போடும். கோட்டில் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரு மேடு. கோலின் என்ற மேடு நிமிர்ந்து நின்றால் செல்கள் கன்னாபின்னாவென்று பெருகுகின்றன, புற்றுக் கட்டியாக இருக்கலாம். கோலின் அடங்கி, கொழுப்பு மேடு மட்டும் உயர்ந்து நின்றால் காசநோய்க் கட்டி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மூளையில் முக்கால்வாசி தண்ணீர். நாங்கள் தேடுகிற சரக்கு அதில் துளித் துளியாகக் கிடக்கிறது. எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சிக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, ராட்டினத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கிற மாதிரி. அதனால் முதலில் தண்ணீரின் வாயை அடைக்க வேண்டும். பிறகு மண்டைத் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பின் வாயை அடைக்க வேண்டும். தேவையில்லாத சத்தத்தை எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் நம்பலாம். மற்ற டெக்னீஷியன்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது. எனக்கு வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்பதால் உண்டு.

தோடு, கொண்டை ஊசி, வளையல் எல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டு பொன்னுத்தங்கத்தைப் படுக்க வைத்தேன். முதல் படம் வந்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வலது காதுக்கு மேலே எலி கடித்த தோசை மாதிரி கருப்பாக ஒரு ஓட்டை. கட்டி எங்கே, மூளை எங்கே என்றே தெரியவில்லை. பெட்டியை வரைந்து பார்த்தேன். தண்ணீர் அடங்கவே இல்லை. கோடு முழுக்க அதுவே பரந்து கிடந்தது. ஏதோ இரும்பு காந்தத்தைக் குழப்புகிறது.

வெளியே கூட்டிவந்து, பரிசோதிக்க வைத்திருக்கும் கைக்காந்தத்தை அவர் தலைக்கு மேல் மெதுவாக நகர்த்தினேன். காந்தத்தில் கருப்பாக மீசை முளைத்தது. பொன்னுத்தங்கம் அதைப் பார்த்துப் பயந்துபோனார். தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் வந்ததாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

விசாரித்தபோது விஷயம் புரிந்தது. மத்தாப்பு மருந்தில் பொறி பறப்பதற்கு இரும்புத்தூள் சேர்ப்பார்கள். தூள் மயிர்க்காலில் இறங்கக் கூடாது என்று, வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துத் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். தூள் எண்ணெயோடு நின்றுவிடும். சாயங்காலம் சீயக்காய் போட்டு அலசுவார்கள். ஆனால் சீப்பை யார் அலசுகிறார்கள்? இவர் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்களிலும் அதே சீப்புதான். ஸ்கேன் எடுக்கத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னார்களே என்று குளித்தும் இருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரட்டைத் தலையோடு வர முடியுமா என்று, குளித்த தலையில் வழிய வழிய எண்ணெய் வைத்து, அந்தச் சீப்பாலேயே படிய வாரிப் பின்னிக்கொண்டு வந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. நெஞ்சுக்குள் பேட்டரி வைத்திருக்கிறார்களா, பல்லில் கம்பி கட்டியிருக்கிறார்களா என்றெல்லாம் அச்சடித்து வைத்துக் கேட்கிறோம். இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பட்டாசு வேலையா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று முதலாளி போனில் சொன்னார். பொன்னுத்தங்கத்திடம் சொன்னேன். அவர் கழற்றிய தோட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். இன்றைக்கே எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். இன்னொரு நாள் தனியாகக் கிளம்பி வரத் தைரியம் வராதாம்.

எதிர்க் கடையில் ஷாம்பு வாங்கி வரச் சொல்லி பிரீத்திகாவை அனுப்பினேன். ஊழியர்கள் குளியலறையில் ஒரு முக்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்து, நானே தலைக்கு ஊற்றினேன். அவர் கூச்சப்பட்டார், தானே தேய்த்துக்கொள்வதாகச் சொன்னார். நீங்கள் தேய்த்தால் பாதி அங்கேயே இருக்கும் என்று அதட்டினேன். முதலில் கழுத்து விறைத்துக்கொண்டு இருந்தது. தண்ணீர் கருப்பாக ஓடியது. இரண்டாவது தடவை நுரை போட்டுத் தேய்க்கும்போது அந்தக் கழுத்து மெல்லத் தளர்ந்து, தலையின் பாரம் முழுவதும் என் உள்ளங்கைக்கு வந்தது.

"எந்தலையை இன்னொரு ஆளு தொட்டு எம்புட்டு வருசமாச்சோ" என்றார்.

என் தலையைக் கடைசியாகத் தொட்டது யார் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகத்துக்கு வரவில்லை. "கண்ணை மூடிக்கோங்க அக்கா, நுரை போயிரும்" என்று மட்டும் சொன்னேன். அதுவரை அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சென்டருக்கு வருகிற பெண்கள் எல்லோருமே எங்களுக்கு அம்மாதான்.

துவட்டி, கைக்காந்தத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

இந்தத் தடவை படம் அருமையாக வந்தது. நான் மைக்கில் வாய் ஓயாமல் பேசினேன். இப்ப டொக்கு டொக்குன்னு கேட்கும் அக்கா, பயப்படாதீங்க. இது முடிஞ்சுது, அடுத்தது கொஞ்சம் நீளம். கை மரத்துப் போச்சா, இதோ ஆச்சு. யாரிடமும் நான் அவ்வளவு பேசுவதில்லை. வளையத்தின் மேல் பெட்டியை வரைந்து ஓடவிட்டேன். தண்ணீர் சொன்னபடி கேட்டு அடங்கியது. கோடு மெல்ல உருவாகி வந்தது. கொழுப்பு மேடு ஓங்கி உயர்ந்து நின்றது. பக்கத்தில் கோலின் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு, அவ்வளவுதான்.

எங்கள் படங்களை மதுரையில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரில் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் டாக்டர் கதிரவன். போனில் அழைத்தேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, காசநோய்தான், நல்லதாகப் போயிற்று, முடித்துவிடுங்கள் என்றார்.

இத்தனை வருஷத்தில் செய்யாத ஒன்றை அப்போது செய்தேன். மைக்கை அழுத்தி, "நல்லா வந்திருக்கு அக்கா" என்றேன்.

வெளியே வந்தவர், மாத்திரையிலேயே போய்விடுமா என்று கேட்டார். டாக்டர் சொல்வார் என்று சொல்ல வேண்டும், அதைத்தான் சொன்னேன். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னேன். அவருக்கு அது போதும்.

ரிப்போர்ட் வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்றதும் எதிர்க் கடைக்குப் போய் டீ குடித்தார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய சேவுப் பொட்டலம். காத்திருந்தவர்களுக்கெல்லாம் நீட்டினார். முன்பின் தெரியாதவர்களிடம் தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்வதற்கு வேறு யார் இருக்கிறார்கள். சீசன் முடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவேன் என்று பிரீத்திகாவிடம் சொன்னாராம். ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, பத்து வயது குறைந்தவர் போல் இருந்தார்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாண்டில் இருந்து வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகம் நான். ரிப்போர்ட் வரும் முன் பெட்டி இருந்த இடத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டியே மண்டையோட்டை ஒட்டித்தான் இருந்தது. கட்டி முழுவதும் அடங்க வேண்டும் என்று நான் போட்ட பெட்டியின் ஒரு மூலை எலும்பைத் தொடாத குறைதான். எலும்புக்கு அந்தப் பக்கம் தோலும் தோலுக்கடியில் கொழுப்பும். அங்கிருந்து கொஞ்சம் கசிந்தாலே போதும், அது ஊரையே கூட்டிவிடும். இன்னொன்றும் இருந்தது. எந்த மேடு உயரமோ, அது திரையை நிறைக்கும்படி கம்ப்யூட்டர் கோட்டை வரையும். மற்ற மேடுகள் அதற்குத் தகுந்தபடி குறுகும். அந்தச் சின்னப் புடைப்பு சின்னதுதானா, கொழுப்புக்குப் பக்கத்தில் நிற்பதால் சின்னதாகத் தெரிகிறதா?

டாக்டருக்கு மறுபடி போன் செய்தேன். கோடு தெளிவாகத்தானே இருக்கிறது ஆர்த்தி, ஏன் குழப்பிக்கொள்கிறீர்கள் என்றார். அடுத்த டோக்கன்காரரின் மச்சினன் ரிசப்ஷனில் குரல் உயர்த்த ஆரம்பித்திருந்தார். விட்டிருந்தால் விட்டதுதான், யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. அவர் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். காசநோய்க் கட்டி கரைய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் யாரும் அவசரப்பட மாட்டார்கள். உள்ளே இருப்பது வேறாக இருந்தால், மறுபடி படம் எடுக்கும்போது மண்டையைத் திறந்தும் பயன் இருக்காது. மனசு வரவில்லை, ஆனாலும் எழுந்து போய் அவரைக் கூப்பிட்டேன்.

"ஏன் மேடம், அதான் நல்லா வந்திருச்சுன்னீகளே?"

சரிபார்க்க இன்னொரு தடவை என்றேன். சேவுப் பொட்டலத்தை மடித்து பிரீத்திகாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

பெட்டியைச் சின்னதாக்கி, எலும்பில் இருந்து உள்ளே தள்ளிப் போட்டேன். சுற்றிலும், முக்கியமாகத் தோல் பக்கம், கம்ப்யூட்டரில் அடக்கும் பட்டைகளை நெருக்கமாக வரைந்து அடுக்கினேன். பட்டை விழுந்த இடத்தில் இருக்கும் கொழுப்பை மிஷின் முதலிலேயே ஓங்கித் தட்டி ஓய வைத்துவிடும், அது பேசாது. பெட்டி சின்னதானால் குரலும் சின்னது. அதனால் பல தடவை கேட்டுச் சேர்க்க வேண்டும், நேரம் பிடிக்கும். கொழுப்பு அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோவிலுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது, இருந்தாலும் வேண்டிக்கொண்டேன்.

கோடு வந்தது. கொழுப்பு மேடு நின்ற இடம் தரையோடு தரையாகக் கிடந்தது. அது அத்தனையும் தோலில் இருந்து வந்த சத்தம். அது போனதும், நான் புடைப்பு என்று ஒதுக்கிய கோலின் திரையின் உச்சி வரை எழுந்து நின்றது.

அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒருவர் படுத்திருக்கிறார் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

டாக்டர் கதிரவனுக்கு மறுபடி போன் செய்து, புதுக் கோட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, நல்லவேளை மறுபடி எடுத்தீர்கள், சீக்கிரம் மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்றார். அடுத்து அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டார். கூட யாரு வந்திருக்கா? அவங்ககிட்ட நான் பேசணும்.

நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த பிரீத்திகா, அதற்குள் டோக்கனில் எழுதியிருந்த நம்பருக்கு அடித்திருந்தாள். செல்போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். முனியராஜ் இன்னும் ஆர்.டி.ஓ. ஆபீஸில்தான் நின்றாராம். என்ன ஏது என்று சொல்லுங்கள், கம்பெனியில் சொல்லிவிடுகிறேன் என்று கேட்கிறாராம். நல்ல மனுஷன்தான், கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அவரிடம் சொன்னால் சாயங்காலம் வேன் முழுக்கத் தெரிந்துவிடும். தன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பொன்னுத்தங்கம் வேனில் வருகிற பெண்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட வந்தது கம்பெனி டிரைவர் மட்டும்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் தயங்கினார். நோயாளியிடம் நேரடியாகச் சொன்னால் பயந்துவிடுவார், அந்த டிரைவரிடமே கொஞ்சம் பக்குவமாகச் சொல்லிவிடலாமே என்றார்.

"வேண்டாம் டாக்டர்" என்றேன். "நான் பாத்துக்கிறேன்."

பிரீத்திகாவிடம் போனை வைத்துவிடச் சொன்னேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. டெக்னீஷியன் ரிசல்ட் சொல்லக் கூடாது. வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றியது.

உடை மாற்றும் அறையில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"மாத்திரை இல்லேல்ல?"

எப்படித் தெரியும் என்றேன்.

"போன தடவை வாய் ஓயாமப் பேசுனீக. இந்தத் தடவை அங்கன நான் ஒத்தையிலே கெடந்தேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"யாருகிட்டச் சொல்லணும்னு தேடிக்கிட்டு இருக்கீகளா? எந்தலைதான மேடம். எங்கிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முதலில் தெரிந்தது கட்டி பேசியது இல்லை, தோலின் கொழுப்பு போட்ட சத்தம் என்று சொன்னேன். அதை அடக்கிய பிறகு தெரிவது புற்றுக் கட்டி மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். மதுரையில் சீக்கிரம் ஆபரேசன் செய்து, எடுத்ததைச் சோதித்த பிறகுதான் உறுதியாகத் தெரியும், அதற்குப் பிறகும் வைத்தியம் இருக்கும், பிழைத்தவர்கள் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு என்று சொன்னேன். அவர் பஸ் ரூட் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அழவில்லை.

ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போட ஆள் கேட்பார்களே, அதற்கு என்ன செய்வது என்று யோசித்தார். நான் வருகிறேன் என்றேன். அதை நான் முன்கூட்டி நினைத்து வைத்திருக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"நீங்க எனக்கு என்ன வேணும்னு கேப்பாகளே?"

"கேக்கட்டும்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வருவேனா மாட்டேனா என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு குனிந்து, இன்னொரு காதுக்கான தோட்டை மாட்டத் தொடங்கினார். திருகு சரியாக விழவில்லை. இடது கை சொன்னபடி கேட்கவில்லை. நான் வாங்கி மாட்டிவிட்டேன்.

"கடைசித் தடவை எடுக்காம விட்டிருந்தீகன்னா?"

இதையும் மறைக்க மனமில்லை. மாத்திரை கொடுத்திருப்பார்கள், கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருப்பீர்கள், அப்புறம் கை மீறிப் போயிருக்கும் என்றேன். நீங்கள் என்னை வைதாலும் சரிதான் என்றும் சொன்னேன்.

"உங்கள ஏன் வையிறேன்" என்றார். "அந்தக் கொஞ்ச நாளு எனக்குக் கெடச்சிருச்சு மேடம். அந்தா அந்தக் கடையில டீ குடிச்சேன்ல, அப்ப எனக்கு ஒண்ணுமே இல்ல. போறவன் வாறவன்கிட்ட எல்லாம் சொன்னேன். நல்லாத்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு ஈரத்தலையை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தார். மதுரைக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று கேட்டார்.